லாட்ஜ் வைஃபை: சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டா, தனி கெஸ்ட் நெட்வொர்க்கா?

ஒகேனக்கல்லில் லாட்ஜோ, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலோ நடத்துபவர்கள் பெரும்பாலும் இருக்கிற ஒரே வைஃபையின் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். செலவில்லை, வேலையில்லை. ஆனால் பில் போடும் கம்ப்யூட்டர், சிசிடிவி காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர், வந்தவர் போன் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும். அறையில் இருப்பவர் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல ரௌட்டர்களில் லாகின் பக்கம் வந்துவிடும். 'அட்மின், அட்மின்' போட்டுத் திறந்துகொண்டால், டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் சேவை) முகவரியை மாற்றி எல்லோரையும் போலிப் பக்கத்துக்குத் திருப்பலாம். டிவிஆரும் அப்படித்தான்: 2016-இல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

விருந்தினருக்கு மட்டும் தனியாக ஓடும் கெஸ்ட் நெட்வொர்க்கைப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். ரௌட்டர் செட்டிங்கில் அதை ஆன் செய்து, டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, வேறு பாஸ்வேர்டு வையுங்கள். உள் நெட்வொர்க்கை அணுகும் அனுமதி ஆஃபில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அது ஆனில் இருந்தால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. கையோடு அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் நம்பரை ரௌட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைந்துவிடும்.

கெஸ்ட் வசதி இல்லாத பழைய ரௌட்டர் என்றால் இன்னொன்று வாங்கி அதன் பின்னால் இணைக்கலாம். விருந்தினர் முதல் ரௌட்டரில், உங்கள் கம்ப்யூட்டரும் டிவிஆரும் இரண்டாவதில். மாற்றிப் போட்டால் விருந்தினர் உங்கள் பக்கத்தை எட்டிப் பார்க்க முடியும்.