வகுப்புச் செய்தி வீட்டுக்குப் போகும் வழி: நான்கு வருடம் முயன்று பார்த்த அனுபவம்

திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பகுதியைக்கூட முடிக்காமல் வீட்டுக்குப் போனவர்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பிள்ளை பள்ளியில் எப்படி இருக்கிறது, யாரோடு உட்காருகிறது, எதைப் படிக்கிறது என்று தெரிந்துகொள்ள அம்மாக்களுக்கு அவ்வளவு ஆசை. எனக்கும் சொல்ல ஆசை. எப்படிச் சொல்வது என்பதைத்தான் அன்றிலிருந்து ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன்.

முதலில் எல்லாரையும் போல வாட்ஸ்அப் குழு. ஒரே மாதத்தில் அதில் காலை வணக்கப் படங்களும் அம்மன் கொடை நோட்டீஸ்களும் நிறைந்துவிட்டன. ‘நாளை வண்ணக் காகிதம் கொடுத்துவிடுங்கள்’ என்று நான் போட்டது அவற்றுக்கு அடியில் போய்விட்டது. அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றினேன். சத்தம் நின்றது, கூடவே பேச்சும் நின்றுவிட்டது.

அப்புறம் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு மாறினேன். நாம் ஒரு தடவை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். அவர்கள் பதில் போட்டால் நமக்கு மட்டும் வரும். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் என் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும் என்பது எனக்கு முதலில் தெரியாது. 26 வீட்டில் பாதிக்கு மேல் போய்ச் சேரவே இல்லை. பெற்றோர் வந்த ஒரு நாளில் ஒவ்வொரு போனையும் வாங்கி, என் எண்ணை நானே சேமித்துக் கொடுத்த பிறகுதான் சரியானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பள்ளிகளுக்கென்றே இருக்கும் ஒரு செயலியையும் ஒரு பருவம் பயன்படுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கடவுச்சொல், ஓடிபி, ஆங்கிலப் பட்டன்கள் என்று எங்கள் அம்மாக்களுக்கு அது ஒத்துவரவில்லை. விட்டுவிட்டேன்.

முதல் வருடம் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களைப் பெயரோடு குழுவில் போட்டேன். எல்லாருக்கும் தெரியட்டும் என்ற எண்ணம்தான். அடியில் பெயர் இருந்த பிள்ளையின் அம்மா அதற்கப்புறம் பள்ளி வாசலில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை, அந்த வீட்டாருக்கு மட்டும், அதுவும் நேரில்தான் சொல்கிறேன்.

போட்டோவும் அப்படித்தான். நான் அனுப்பிய படம் யார் யார் ஸ்டேட்டஸுக்கோ போவதைப் பார்த்து, ஒரு அம்மா தன் மகளின் முகம் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. இப்போது நான் பிள்ளைகளின் முகத்தை எடுப்பதில்லை. களிமண் பிசையும் கைகள், நோட்டில் எழுதிய வரி, தரையில் வரைந்த கோலம், இவற்றை எடுக்கிறேன். பிள்ளையின் கையைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி, இத்தனை வருடமும் நிலைத்து நின்ற ஒன்றுக்கு வருகிறேன். அது குரல் பதிவு.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலான அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மடியில் சுளகு, கையில் இலையும் தூளும் நூலும். போனை எடுத்து நான் எழுதி அனுப்பிய பத்து வரியைப் படிக்க வேண்டுமென்றால் கையைத் துடைக்க வேண்டும், வேலை நிற்கும். ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. முன்பெல்லாம் திருநெல்வேலி வானொலியைப் போட்டுவிட்டுத்தான் சுற்றுவார்கள், என் அம்மாவும் அப்படித்தான். இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, வகுப்புச் செய்தியைக் காதுக்கு அனுப்பலாம் என்று தோன்ற ஒரு வருடம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும். ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ‘மூன்றாம் வகுப்பு, செய்திகள் வாசிப்பது...’ என்று தன் பெயரை இழுத்துச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முதுகு தானாக நிமிரும். செய்தியைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். நான் எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கிறேன். ஒரு வாரம் வந்தது இது: ‘பள்ளி வேப்பமரத்தில் காகம் கூடு கட்டுகிறது. ஏழாம் வாய்ப்பாடு பத்துப் பேருக்குத் தெரியும், மற்றவர்கள் திங்கட்கிழமை சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவன் அழுதான், இப்போது அழவில்லை.’ நான் எழுதியிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஒரு நிமிடத்தைத் தாண்ட விடமாட்டேன். வீடியோவோடு ஒப்பிட்டால் டேட்டாவும் மிகக் குறைவு. மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீரப்போகும் வீடுகளில் அது பெரிய விஷயம்.

முதல் பதிவு போன அன்றே ஓர் அம்மாவிடமிருந்து குரலாகவே பதில் வந்தது. “டீச்சர், இது எம்புள்ள கொரலா? வீட்டுல வாயே தொறக்க மாட்டாள்லா!” எழுதத் தயங்கும் அம்மாக்கள் பேசத் தயங்குவதில்லை. ஒரு வருடமாக எனக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடாதவர்கள், இன்று இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். சென்னையில் பலசரக்குக் கடையில் நிற்கும் ஓர் அப்பா, கடை சாத்திய பிறகு மகன் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவேன் என்றார். ஆச்சிமார் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

இதில் சிரமமும் உண்டு. போன் அப்பாவிடம் இருந்தால் இரவு வரை செய்தி வீட்டுக்குப் போகாது. கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களை இரண்டு பேராகச் சேர்த்து வாசிக்க வைக்கிறேன். யார் எந்த வாரம் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிள்ளை விடுபட்டுப்போகும். ஒரு தடவை அப்படி ஆகி, அந்தப் பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதற்குத் துணையாக ஒரு சின்ன விஷயம். பள்ளி வாசலில் ஒரு பழைய கரும்பலகையை வைத்து, தினம் ஒரு கேள்வி எழுதுகிறேன். ‘தாமிரபரணி எந்த மலையில் பிறக்கிறது என்று கேளுங்கள்’, ‘இன்று நாங்கள் எதை மிதக்க விட்டோம் என்று கேளுங்கள்’. “பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்லும். மிதந்தது என்ன என்று கேட்டால் வீடு போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே போகும். செலவு ஒரு சாக்பீஸ்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டபோது, இந்தப் போன் ஏற்பாடு எல்லாமே நின்றுபோனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, சார்ஜ் இல்லை. யார் வீட்டில் தண்ணீர் வந்தது, எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் தவித்த நாட்கள் அவை. தகவல் வாய்வழியாகத்தான் வந்தது. பீடி கொடுக்கக் கடைக்கு வந்த ஓர் அம்மா, ஒரு தெருவின் பிள்ளைகள் அத்தனை பேரைப் பற்றியும் நின்ற நிலையில் சொன்னார். அதற்கப்புறம் தெருவுக்கு ஓர் அம்மா என்று பொறுப்பு வைத்திருக்கிறோம். மழை அறிவிப்பு வந்தால் அவர்கள் வழியாகத்தான் முதலில் செய்தி போகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோராகவும், மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பகலில் கூட்டம் வைத்தால் அவர்களுக்கு அன்றைய கூலி குறையும். இப்போது கூட்டத்தின் முடிவுகளையும் ஒரு நிமிடப் பதிவாக அனுப்புகிறேன், தலைவியான அம்மாவின் குரலிலேயே. வர முடியாதவர்கள் மறுநாள் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்.

பட்டன் போன் மட்டும் இருக்கும் வீடுகள் இந்த வருடம் மூன்று. அவர்களுக்குத் திங்கட்கிழமை காலை, பிள்ளையை விட வரும்போது, வாசல் பலகைக்குப் பக்கத்தில் நின்று என் போனிலேயே போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிமிடம்தான். போகிற அவசரத்திலும் மூன்று பேரும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.