அண்டி ஆபீஸில் பல்கலைக்கழகம்: இஸ்தான்புல் காட்டும் இரு வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் முந்திரிப் பருப்பு ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பூட்டிக் கிடக்கும் பழைய ஆலை ஒன்றைப் பல்கலைக்கழக வளாகமாக மாற்ற நினைப்பவர்களுக்கு இஸ்தான்புல் நகரின் கோல்டன் ஹார்ன் கடற்கழியை ஒட்டி இரண்டு முன்மாதிரிகள் உள்ளன.

1884-இல் தொடங்கி 1995-இல் மூடப்பட்ட சிபாலி புகையிலை ஆலையைச் செப்பனிட்டு, 2002-இல் காதிர் ஹாஸ் பல்கலைக்கழகம் அங்கே குடியேறியது. பெண்கள் திரளாக வேலை செய்த அந்த ஆலையின் வெளித்தோற்றத்தைக் குலைக்காமல் உள்ளேயே வகுப்பறைகளை அமைத்தார்கள். கட்டடத்தின் அடியில் இருந்த பைசாந்தியக் காலத்து நீர்த்தொட்டியும் வளாகத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்துகொண்டது. 1914 முதல் 1983 வரை இயங்கிய சிலாதாராகா மின்நிலையத்தை 2007-இல் வளாகமாக்கிய பில்கி பல்கலைக்கழகமோ, டர்பைன்களையும் கட்டுப்பாட்டு அறையையும் இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைத்துவிட்டு, கொதிகலன் கூடங்கள் நின்ற இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது.

நமக்குச் சிபாலியின் வழியே பொருந்தும் என்பது என் கருத்து. அண்டி ஆபீஸில் காட்சிக்கு வைக்கும்படியான பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பெண்கள் வரிசையாக அமர்ந்து அண்டி தல்லிய, அதாவது முந்திரிக்கொட்டை உடைத்த, நீண்ட கூடமும், ஓட்டுக்கூரையும், கொட்டை உலர்த்திய முற்றமுமே அதன் சொத்து. காற்றோட்டமான அந்தக் கூடம் நூலகத்துக்கோ வரைகலைக் கூடத்துக்கோ நன்றாகவே பொருந்தும். விரிவுரைக்கு மட்டும் தட்டுக்கூரை வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஓட்டின் மேல் மழை இரைந்தால் ஆசிரியரின் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டாது.

கட்டடத்தாலோ இயந்திரத்தாலோ வராத இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்வது; வறுப்புக்கூடத்தின் தரையிலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் ஊறியிருக்கக்கூடியது. ஆகவே அந்தப் பகுதிக்கு மட்டும் சிலாதாராகாவின் வழியே சரி: அதை இடித்து, மண்ணை மாற்றி, எடை தாங்க வேண்டிய ஆய்வகங்களை அங்கே புதிதாகக் கட்டலாம்.

வயலையோ குளத்தையோ மண்ணிட்டு நிரப்பிப் புது வளாகம் எழுப்புவது மூன்றாவது வழி. வரைபடம் போடுவது எளிது, அறைகளும் வேண்டிய அளவில் கிடைக்கும். ஆனால் மழைநீர் தங்க இடமில்லாமல் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும். சிபாலியின் வழிக்குச் செலவு கூடினாலும் இந்த மூன்றாவது வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பழைய ஆலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் தவணை மண் பரிசோதனைக்கும், அடுத்தது கூரை மரங்களில் கரையான் பார்ப்பதற்கும் போக வேண்டும். வண்ணப்பூச்சைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.