மாநாட்டுக்குத் துணையோடு போகிறீர்களா? "ரூம் நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்று வரும் ஃபோனை நம்பாதீர்கள்

"உங்கள் மாநாட்டின் ஹோட்டல் ஏற்பாட்டுப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் பெயரில் இன்னும் ரூம் புக் ஆகவில்லை. ஒதுக்கீடு இன்றோடு முடிகிறது, நாளைக்கு வாடகை ஏறிவிடும்." இப்படி ஒரு ஃபோன் வந்தால் கார்டைக் கையில் எடுக்காதீர்கள். மாநாடு நடத்துகிறவர்கள் பதிவு செய்தவர்களைத் தேடிப் பிடித்து, ஃபோனிலேயே கார்டு நம்பர் கேட்பது வழக்கமில்லை. பேசுவது பெரும்பாலும் மாநாட்டோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஒரு ஏஜென்சி. மாநாட்டுத் துறையில் இவர்களுக்கு 'ஹவுசிங் பைரேட்ஸ்' என்றே பெயர். அறைக் கொள்ளையர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாநாட்டோடு இரண்டு மூன்று நாள் சேர்த்து, கணவனும் மனைவியுமாக ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இவர்களிடம் சுலபமாக மாட்டுகிறார்கள். அது ஏன் என்று புரிய, ரூம் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மாநாட்டுக் குழு ஹோட்டலோடு ஒப்பந்தம் போட்டு, குறிப்பிட்ட இரவுகளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அறைகளைச் சலுகை வாடகையில் பிடித்து வைக்கும். இதுதான் ரூம் பிளாக். செவ்வாய் முதல் வியாழன் வரை மாநாடு என்றால் திங்கள், செவ்வாய், புதன் இரவுகளுக்கு அறைகள் நிறைய இருக்கும். ஞாயிறு இரவுக்கும் வியாழன் இரவுக்கும் கொஞ்சம் இருக்கும். வெள்ளி, சனிக்கு ஒன்றுமே இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ அந்த வெள்ளியும் சனியும்தான். பதிவுப் பக்கத்தில் தேதியை நீட்டிப் பார்த்தால் 'அறை இல்லை' என்று வரும். ஹோட்டலே நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். உண்மையில் நிரம்பியது, அல்லது தொடங்கவே இல்லாதது, அந்த ஒதுக்கீடு மட்டும்தான். "எல்லா இரவும் ஒரே ரூமில், இரண்டு பேருக்கு, அதே சலுகை வாடகையில் தருகிறோம்" என்று ஏஜென்சிக்காரன் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

அந்த நாட்களைப் பெற நேர்வழி ஒன்று உண்டு. பல ஒப்பந்தங்களில், அறை காலியாக இருந்தால் மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் அதே வாடகையைத் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கும். இணையப் படிவத்தில் அது தெரியாது. ஹோட்டலின் குழு முன்பதிவுப் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டால்தான் தெரியும். மாநாட்டுக் குழுவும் உதவத்தான் பார்க்கும். ஒதுக்கிய அறைகளில் பெரும்பாலும் 80 அல்லது 90 சதவீதமாவது நிரம்பவில்லை என்றால் மிச்சத்துக்கு அவர்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் ஒதுக்கீட்டுக்குள் புக் செய்வது அவர்களுக்கும் லாபம். ஆனால் ஒதுக்கீடு பொதுவாக மாநாட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மூடப்படும். கேட்பதை அதற்கு முன்னால் கேளுங்கள்.

சரி, உங்கள் பெயரும் நம்பரும் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பேச்சாளர் பட்டியல், ஸ்டால் போடும் நிறுவனங்களின் பட்டியல் எல்லாம் மாநாட்டுத் தளத்திலேயே பொதுவில் கிடக்கின்றன. "அடுத்த மாதம் அங்கே சந்திப்போம்" என்று சமூக ஊடகத்தில் போடும் பதிவு மிச்சத்தைச் சொல்லிவிடும். எனவே உங்கள் பெயர், நிறுவனம், மாநாட்டுத் தேதி எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள் என்பதை வைத்து நம்பிவிடக் கூடாது.

ஃபோனுக்குப் பின்னால் வரும் மெயிலை நிதானமாகப் படியுங்கள். மாநாட்டின் லோகோ அப்படியே இருக்கும். அனுப்பிய முகவரியில் மாநாட்டின் பெயர் இருக்கும், அதன் பின்னால் ஒரு சிறு கோடு, பிறகு 'ஹவுசிங்' என்றோ 'ரூம்ஸ்' என்றோ ஒரு ஒட்டு. மாநாட்டின் சொந்தத் தளத்தின் முகவரியாக அது இருக்காது. "மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குச் சேவை செய்கிறோம்" என்று எழுதியிருப்பார்கள். "மாநாடு எங்களை நியமித்திருக்கிறது" என்று எழுதுவதைக் கவனமாகத் தவிர்ப்பார்கள். கூடவே ஒரு பக்க அளவில் ஒரு பிடிஎஃப் படிவம். மேல் பாதியில் கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், கையெழுத்து. கீழே பொடி எழுத்தில் மூன்று வரி: முழுத் தொகையும் உடனே எடுக்கப்படும், கேன்சல் செய்தால் 100 சதவீதம் பிடித்தம், பெயர் மாற்றம் கிடையாது. பின்னால் நீங்கள் பேங்கில் புகார் கொடுக்கும்போது, "இதோ வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று அவர்கள் நீட்டுவது இந்தத் தாளைத்தான். கையெழுத்துப் போட்ட கார்டு படிவத்தை மெயிலில் அனுப்பச் சொல்கிற எவருக்கும் அனுப்பாதீர்கள்.

பணம் போன பிறகு என்ன ஆகும்? சில சமயம் புக்கிங்கே இருக்காது. சில சமயம் மாநாட்டு மண்டபத்திலிருந்து வெகு தூரத்தில், வேறு ஒரு ஹோட்டலில் திரும்பப் பெற முடியாத மலிவு ரூமாகப் போட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் விட மோசமானது மூன்றாவது வகை. ரூம் உண்மையாகவே இருக்கும், ஆனால் பாதிதான் இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர் உங்கள் பெயரைத் தட்டிவிட்டுத் திரையைப் படிப்பார்: ஒரு நபர், மூன்று இரவு. கூடுதல் இரண்டு இரவும் இரண்டாவது ஆளும் அதில் இருக்காது. அன்றைய வாடகையில் மிச்ச இரவுகளைத் தனியாக வாங்க வேண்டும், ரூம் இருந்தால். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. நீங்கள் ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது ஹோட்டலின் கணினியில் தெரியாது. ஏஜென்சி தங்களுக்கு என்ன கட்டியது என்பது மட்டுமே தெரியும். இந்த வகையில் பேங்க் புகாரும் சிக்கலாகும், ஏனென்றால் 'சேவை கிடைத்தது' என்று அவர்களால் பாதி உண்மையைக் காட்ட முடியும்.

சரிபார்க்கும் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இருக்கும் நம்பருக்குப் பேசுங்கள். ஏஜென்சி மெயிலில் உள்ள நம்பருக்கு வேண்டாம். சங்கிலி ஹோட்டல் என்றால் பொது கால் சென்டரோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கிளையின் முன்பதிவுப் பிரிவை வார நாளில், அவர்களின் பகல் நேரத்தில் பிடியுங்கள். ராத்திரி ரிசப்ஷனில் இருப்பவருக்குக் குழு ஒதுக்கீடு பற்றித் தெரியாமல் போகலாம். பாஸ்போர்ட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி இரண்டு பெயரும் பதிவில் இருக்கிறதா, வருகிற தேதி, கிளம்புகிற தேதி, எத்தனை பெரியவர்கள், ஒரே பெரிய கட்டிலா இரண்டு தனிக் கட்டிலா, காலை உணவு ஒருவருக்கா இருவருக்கா, பணம் ஏற்கெனவே கட்டப்பட்டதா அங்கே வந்து கட்டுவதா, எந்தத் தேதி எத்தனை மணி வரை இலவசமாகக் கேன்சல் செய்யலாம் என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசியாக ஹோட்டலின் சொந்தக் கன்ஃபர்மேஷன் நம்பரை வாங்குங்கள். ஏஜென்சி தருகிற நம்பர் ஏஜென்சியின் நம்பர்தான், ஹோட்டலுக்கு அது ஒன்றுமில்லை.

ஒரு நுணுக்கம். ஹோட்டல் அறைகளை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரிகள் வழியாகப் போடும் உண்மையான புக்கிங்கிலும் பெயர் சில நேரம் தாமதமாகத்தான் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும். ஏமாற்றுகிறவர்கள் இதையே சாக்காக வைத்து, "செக்-இன்னுக்கு 72 மணி நேரத்துக்கு முன்புதான் ஹோட்டலுக்குப் பெயர்ப் பட்டியல் போகும்" என்பார்கள். நேர்மையான ஏஜென்ட் கேட்டால் ஹோட்டல் நம்பரை வாங்கித் தருவார். இலவசக் கேன்சல் தேதிக்குள் அந்த நம்பர் வரவில்லை என்றால், அந்த புக்கிங்கை விட்டுவிடுங்கள்.

ஒழுங்காக புக் செய்தவர்களுக்கும் ஒரு வலை இருக்கிறது. 2023 முதல் பெரிய முன்பதிவுச் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை இது. ஹோட்டல் ஊழியரின் லாகினைத் திருடி, செயலியின் உள்ளேயே, ஹோட்டல் பெயரிலேயே மெசேஜ் அனுப்புகிறார்கள். "24 மணி நேரத்துக்குள் கார்டைச் சரிபார்க்காவிட்டால் புக்கிங் ரத்தாகும்", கூடவே ஒரு லிங்க். உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் அச்சு அசலாக இருப்பதால் சந்தேகமே வராது. லிங்கைத் தொடாமல் ஹோட்டலுக்கு ஃபோன் செய்யுங்கள். ஓடிபியைப் படிக்கச் சொல்வது இந்த வேலையின் கடைசிப் படி.

ஆபீஸ் செலவும் சொந்தச் செலவும் கலக்கிற இடத்தில் மோசடி இல்லாமலேயே பணம் போகும். மாநாட்டு இரவுகள் குழு வாடகையில் ஒரு புக்கிங், மிச்ச இரவுகள் சொந்தமாக இன்னொரு புக்கிங் என்று இருந்தால், இரண்டையும் இணைத்து ஒரே ரூமைத் தரச் சொல்லி முன்கூட்டியே ஹோட்டலுக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் புக்கிங் முடிகிற நாள் நண்பகலில் கதவுச் சாவி அட்டை வேலை செய்யாது. நீங்கள் மண்டபத்தில் அமர்வில் இருப்பீர்கள், உங்கள் துணை பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பார். பதிவில் பெயர் இல்லாதவருக்கு ரிசப்ஷனில் புதுச் சாவி தர மாட்டார்கள். அது அவர்கள் தவறும் அல்ல, பாதுகாப்பு விதி. செக்-இன் செய்யும்போதே பில்லை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நிறுவனத்தின் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று. இரண்டாவது ஆளுக்கான கூடுதல் வாடகை எந்தப் பில்லில் ஏறுகிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். வாடகைக்கு மேல் ஒரு தொகையை ஹோட்டல் பிடித்து வைக்கும், கிளம்பிய பிறகும் அது கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். வெளிநாடு என்றால், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே எடுக்கட்டுமா" என்று கார்டு மெஷின் கேட்கும். வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த வசதிக்கான மாற்று விகிதம் பொதுவாக உங்களுக்கு நஷ்டம்.

டிக்கெட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனம் எடுத்த டிக்கெட்டின் முதல் பகுதியில் ஏறாமல், துணையோடு முன்னதாகவே வேறு வழியில் போய்விட்டுத் திரும்பும் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். முதல் பகுதிக்கு வராவிட்டால் மிச்சம் முழுவதையும் விமான நிறுவனங்கள் வழக்கமாக ரத்து செய்துவிடும். நிறுவனத்தின் பயணக் காப்பீடு சொந்த நாட்களுக்கும் துணைக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது.

மாநாட்டு ஸ்டாலில் விசிட்டிங் கார்டைப் பெட்டியில் போட்டால் "தம்பதிக்கு இரண்டு இரவு இலவசம்" என்று ஒரு பரிசு விழும். அதற்கு நிபந்தனை, கணவன் மனைவி இருவரும் 90 நிமிட விளக்கக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பது. விற்கப்படுவது டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை விடுதியில் வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமை. கூட்டம் 90 நிமிடத்தில் முடியாது. இருவரையும் கேட்பது, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் எழுந்து போகாமல் இருக்கத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதற்கே தடை. மற்ற இடங்களில் விதி வேறு. கையெழுத்துக்கு முன் விலகும் கெடுவை ஒப்பந்தத்திலேயே தேடுங்கள்.

ஏற்கெனவே ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், முதல் வேலை கார்டை பிளாக் செய்து புது நம்பர் வாங்குவது. அடுத்து ஏஜென்சிக்கு எழுதும் மெயிலில் "என் புக்கிங்கைக் கேன்சல் செய்யுங்கள்" என்ற வரி இருக்கக் கூடாது. நீங்களே கேன்சல் செய்ததாகக் காட்டி 100 சதவீதப் பிடித்தத்தை நியாயப்படுத்திவிடுவார்கள். "மாநாட்டின் அதிகாரப்பூர்வ ஏஜென்சி என்று சொல்லிப் பணம் பெற்றீர்கள், சொன்ன அறையை உறுதிப்படுத்தவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதுங்கள். பிறகு இரண்டு கடிதம் வாங்க வேண்டும். இந்தப் பெயரில், இந்தத் தேதிகளில் புக்கிங் இல்லை, அல்லது இவ்வளவுதான் இருக்கிறது என்று ஹோட்டலிடமிருந்து ஒன்று. இந்த ஏஜென்சியை நாங்கள் நியமிக்கவில்லை என்று மாநாட்டுக் குழுவிடமிருந்து ஒன்று. பேங்கில் சார்ஜ்பேக் கோரிக்கையை, அதாவது கார்டில் போன பணத்தைப் பேங்க் வழியாகத் திருப்பி வாங்கும் கோரிக்கையை, ஜெயிக்க வைப்பது இந்த இரண்டும்தான். வந்த ஃபோன் நம்பர், நேரம், முதல் மெயில், படிவம் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெரிய கார்டு நெட்வொர்க்குகளில் பொதுவாக 120 நாள் கெடு உண்டு, ஆனால் பேங்குகள் அதற்கும் குறைவாக வைக்கலாம். பயணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிய பணத்துக்கு இந்த வழி கிடையாது. அன்றே பேங்குக்கும் காவல்துறையின் சைபர் பிரிவுக்கும் சொன்னால் மட்டுமே ஏதாவது வாய்ப்பு. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று சில நாளில் வேறு ஒருவர் கூப்பிடுவார். அவரும் அதே ஆட்கள்தான், அல்லது அவர்களிடம் உங்கள் நம்பரை வாங்கியவர்.

இதற்கெல்லாம் நடுவே பயணத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். புகாரின் முடிவுக்குக் காத்திராமல், இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய ஒரு ரூமை ஹோட்டலின் சொந்தத் தளத்தில் எல்லா இரவுகளுக்கும் இரண்டு பேர் பெயரிலும் உடனே போட்டு வையுங்கள். கேன்சல் கெடுவை ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி மொபைலில் நினைவூட்டலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.