ரோலண்ட் ஜூனோ 106-ஐப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரோலண்ட் ஜூனோ 106 என்ற சிந்தசைசர் (கட்டைகளுள்ள மின்னணு இசைக்கருவி) வைத்திருப்பவர்களும், பழையது ஒன்றை வாங்கிச் சரிசெய்து வாசிக்கலாம் என்று எண்ணியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மேற்கொண்டு செல்ல வேண்டுகிறேன். "ஆறு வாய்ஸ் சிப்பும் புதிதாக மாற்றியாகிவிட்டது" என்று சொல்லிச் சென்னையில் என்னிடம் 36,000 ரூபாய் வாங்கிய ஒருவர், அவற்றில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அது போதாதென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்த இரண்டு கோரஸ் (ஒலியை விரித்துச் செழுமையாக்கும் வசதி) ஐ.சி.க்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் போலிகளைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அவர் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் ஜூனோவைத் திறந்து பார்க்கத் தெரியாத எவரிடமும் இதே முறையை யாரும் கையாள முடியும்.

1984-இல் வெளிவந்த ஜூனோ 106-இல் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் 80017ஏ என்ற எண்ணுள்ள மாட்யூல் ஒன்று உண்டு, வாய்ஸ் சிப் என்பது இதைத்தான். ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சிறிய போர்டில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தி, முழுவதையும் கறுப்பு ரெசினில் தோய்த்தெடுத்து, ஒரே வரிசைக் கால்களுடன் நிற்க வைத்திருப்பார்கள். இந்தக் கறுப்புப் பூச்சுதான் ஜூனோவின் சாபம். வருடங்கள் செல்லச் செல்லப் பூச்சு மெல்லிய அளவில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகிறது என்பதே பழுதுபார்ப்போர் பொதுவாகச் சொல்லும் காரணம். அதன் விளைவாக ஒரு சுரம் ஒலிக்காமல் போகும், அல்லது கட்டையிலிருந்து கையை எடுத்த பிறகும் நிற்காமல் முனகும், அல்லது கரகரக்கும். ஒவ்வொரு ஆறாவது தட்டலிலும் ஒலி காணாமல் போனால், அது ஒரு 80017ஏ படுத்துவிட்டதன் தெளிவான அறிகுறி. இரண்டிரண்டு சுரங்களாகப் போனால் சந்தேகப்பட வேண்டியது வேறு பாகத்தை: அலைவடிவத்தை உருவாக்கும் எம்.சி.5534ஏ மொத்தம் மூன்றுதான் உள்ளது, ஒவ்வொன்றும் இரண்டு சுரங்களுக்கு வேலை செய்கிறது.

என்னுடைய கருவியில் ஒரு சுரம் மௌனமாகியிருந்தது, இன்னொன்று கரகரத்தது. அதாவது இரண்டு மாட்யூல்கள். பழுதுபார்ப்பவர் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னது இது: "சார், ஆறும் வீக்கா இருக்கு. ரெண்டு மட்டும் மாத்துனா அடுத்த மாசம் மூணாவது போகும், நீங்க திரும்பத் தூக்கிட்டு வரணும். வெளிநாட்டுலேர்ந்து ஆறும் ஒரே செட்டா வரவழைச்சுடலாம், ஒண்ணு ஆறாயிரம்." இந்தப் பேச்சில் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பழைய மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது உண்மை. ரோலண்ட் அவற்றை இப்போது தயாரிப்பதில்லை என்பதும், வெளிநாட்டில் சிலர் புதிதாக வடிவமைத்த மாற்று மாட்யூல்களை விற்கிறார்கள் என்பதும், நேர்மையான பழுதுபார்ப்பவர்களில் பலர் ஆறையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்வார்கள் என்பதும் உண்மையே. உண்மையான செய்திகளை அடுக்கி அவற்றின் மேல் ஒரு பொய்யான பில்லை வைப்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். பில் என்று சொன்னேன், அதுவும் வாய்ப்பேச்சுதான். ரசீது கேட்டபோது, அது வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. சேரும் என்ற வழக்கமான பதில் கிடைத்தது.

கருவி திரும்பி வந்தபோது ஆறு சுரங்களும் ஒலித்தன. மூன்று மாதம் கேரண்டி என்று சொல்லி, அடிப்பக்கத் திருகு ஒன்றின் மேல், பிரித்தால் கேரண்டி செல்லாது என்ற ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். அந்த ஸ்டிக்கர் எதற்காக என்பது பின்னால்தான் விளங்கியது. ஆனால் கோரஸ் மட்டும் முதல் நாளிலேயே சரியில்லை. ஜூனோவை விலை கொடுத்து வாங்குவோரில் பாதிப்பேர் அந்தக் கோரஸுக்காகவே வாங்குகிறார்கள். முதல் பொத்தானை அழுத்தியதும் ஒற்றை அலை விரிந்து இரண்டு காதுகளையும் நிறைக்க வேண்டும். என்னுடையதோ தேய்ந்த கேசட்டைப் போலச் சுருதியோடு சேர்ந்து ஆடியது. இதைச் சொன்னபோது, "புது ஐ.சி. சார், செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார். கோரஸ் ஐ.சி.யை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லையே என்றதற்கு, பக்கத்திலேயே இருந்ததால் அதையும் இலவசமாக மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. ஐ.சி. என்பது வாசிக்க வாசிக்கப் பதப்படும் பொருள் அல்ல. இந்த வாசகத்தை யாரிடமிருந்து கேட்டாலும் அங்கேயே எச்சரிக்கை அடையுங்கள்.

கேரண்டி முடிந்த சில வாரங்களில் மூன்றாவது சுரம் ஒன்று போனது. புதிதாகப் போட்ட மாட்யூல் இத்தனை விரைவில் ஏன் போக வேண்டும் என்று ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தேன். வரிசையாக நிற்கும் ஆறு மாட்யூல்களில் நான்கின் மேல் பழைய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. அவற்றின் கால்களில் தொழிற்சாலையில் வைத்த ஈயம் ஒரே சீராக, யாருடைய சால்டரிங் அயனும் தொடாமல் மங்கிப் போயிருந்தது. மீதி இரண்டில் மட்டும் பூச்சு உரிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் குட்டி ஐ.சி.க்களும் மின்தடைகளும் வெளியே தெரிந்தன, விளிம்புகளில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அந்த இரண்டின் கீழே ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) பழுப்பாகக் கருகியிருந்தது, போர்டின் செப்புப் பேட் ஒன்று பெயர்ந்து, அதை ஈடுகட்டச் சிவப்பு ஒயர் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதாவது, பழுதான இரண்டு மாட்யூல்களைக் கழற்றி, ஆசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சை உரித்து, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறார். இது தவறான வைத்தியம் அல்ல. உலகெங்கும் பொழுதுபோக்காகச் சிந்தசைசர் பார்ப்பவர்கள் செய்வதுதான், பல நேரம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஆகும் செலவு ஒரு புட்டி ஆசிட்டோனும் பொறுமையும். ஆறு புது மாட்யூல்களின் விலை அல்ல.

கோரஸ் பகுதியில் இருந்தது இதைவிட மோசம். ஜூனோ 106-இன் கோரஸில் எம்.என்.3009 என்ற ஐ.சி. இரண்டு உண்டு. உள்ளே வரும் ஒலியை 256 படிகள் வழியே கைமாற்றிக் கைமாற்றித் தாமதப்படுத்துவது அதன் வேலை. நான் இந்தக் கருவியை வாங்கிய நாளில் உள்ளே எடுத்துவைத்திருந்த படங்களில் இருந்த தேதிக் குறியீடு வேறு, இப்போது இருந்தது வேறு. இரண்டு ஐ.சி.க்களின் முதல் காலைக் குறிக்கும் சிறு பள்ளம் பெயிண்டால் பாதி நிரம்பியிருந்தது. ஆசிட்டோன் தொட்ட பஞ்சை மேலே தேய்த்ததும் எழுத்தோடு சேர்ந்து கறுப்பும் கரைந்து வந்தது, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இணைக்கோடுகள் தெரிந்தன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எழுத்து அழிவதை மட்டும் போலிக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது, அசல் ஐ.சி.க்கள் சிலவற்றின் மை கூட அழியும். கறுப்புப் பூச்சே பஞ்சில் வருவதும் அடியில் கீறல்கள் தெரிவதும்தான் சான்று.

பிறகு மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்து, ஒலியைப் படிப்படியாக நகர்த்தும் கிளாக் துடிப்பின் வேகத்தையும், உள்ளே போகும் துடிப்புக்கும் வெளியே வரும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியையும் அளந்தேன். படிகளின் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தின் இருமடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். கணக்கில் 256 வர வேண்டிய இடத்தில் 1024-ஐ ஒட்டிய எண் வந்தது. வேறு ஏதோ ஓர் 1024 படி ஐ.சி.யின் முதுகைத் தேய்த்துக் கறுப்படித்து, அதன் மேல் 3009 என்று அச்சடித்திருக்கிறார்கள். படிகள் நான்கு மடங்கானதால் தாமதமும் நான்கு மடங்கு, அதன் ஊசலாட்டமும் நான்கு மடங்கு. சுருதி ஆடியதன் காரணம் அதுதான். போலி அச்சை இவரே போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, அது எங்கோ மொத்தமாக நடக்கும் வேலை. ஆனால் நல்ல நிலையில் இருந்த அசலை ஏன் கழற்றினார் என்பதற்கும், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கும் அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

படங்களை அனுப்பிக் கேட்டபோது முதலில் "ரீகண்டிஷன் பண்ணின செட்" என்று விளக்கம் மாறியது. நான்கு மாட்யூல்களின் கால்களில் ஈயம்கூடத் தொடப்படவில்லையே என்றதும் தொலைபேசியை எடுப்பது நின்றுபோனது.

இனிக் கொடுப்பவர்கள் செய்யத்தக்கதைச் சொல்கிறேன். கருவியை ஒப்படைக்கும் முன் திறந்து, ஆறு மாட்யூல்கள், கோரஸ் ஐ.சி.க்கள், சி.பி.யூ. போர்டு ஆகியவற்றை எழுத்துகள் படிக்கக்கூடிய அளவுக்குக் கிட்ட வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்கள் அனைத்தையும், பழுதானவற்றையும் சேர்த்து, திருப்பித் தர வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கார் மெக்கானிக்கிடம் தயங்காமல் கேட்பதை இங்கே மட்டும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். பழைய பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்பவரிடம் புதுப் பாகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வாங்கும்போது அவர் முன்னிலையிலேயே கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு பவர் போடுங்கள். கருவி டெஸ்ட் மோடுக்குள் சென்று, கட்டையைத் தட்டத் தட்ட எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டும். ஒன்று முதல் ஆறு வரை ஒலியளவும் ஃபில்டரின் திறப்பும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மாட்யூலை உண்மையிலேயே மாற்றியிருந்தால் ஒவ்வொரு வாய்ஸுக்கும் தனித்தனியாக உள்ள டிரிம்மர்களை (நுட்பமாகச் சரிசெய்யும் சிறு திருகுகளை) ரோலண்டின் சர்வீஸ் நோட்ஸ்படி அளந்து திருப்பியிருக்க வேண்டும். என்ன அளவுக்குத் திருப்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வேலை செய்தவர் உடனே சொல்வார்.

மெமரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 128 பேட்ச்களையும் (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) காப்பது சி.ஆர்.2032 லித்தியம் பேட்டரி ஒன்று. அதை எடுத்தால் எல்லாம் போகும். பின்பக்க டேப் வெளியீட்டைக் கம்ப்யூட்டரின் ஆடியோ உள்ளீட்டில் இணைத்து, பேட்ச்கள் வெளிவரும் கீச்சொலியை அமுக்காத வேவ் கோப்பாகப் பதிவுசெய்து வைத்துவிட்டால் பிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஜப்பானிலிருந்து வந்த கருவியாக இருந்தால் அது 100 வோல்ட்டுக்கானது என்பதைப் பிளக்கிலேயே ஒட்டி அனுப்புங்கள். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230 வோல்ட்டில் செருகிவிட்டு, வரும்போதே இப்படித்தான் இருந்தது என்பவர்களும் உண்டு.

பழுதுபார்ப்பதோடு நில்லாமல் சொந்தமாகச் சிந்தசைசர் கட்டுபவர்களுக்கும் இந்தப் போலி அச்சுச் சங்கதி பொருந்தும். பழைய ஸ்டாக், அபூர்வம் என்று சொல்லி சி.இ.எம்.3340 என்ற, அலையை உருவாக்கும் ஐ.சி.யை அதிக விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐ.சி.யை 2016 முதல் கர்ட்டிஸ் நிறுவனமே மீண்டும் தயாரிக்கிறது, லாட்வியாவில் தயாராகும் ஏ.எஸ்.3340-உம் கிடைக்கிறது. அபூர்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரில் ஆறு இருக்கும் எஸ்.எஸ்.எம்.2044 என்ற ஃபில்டர் ஐ.சி.யின் நிலைமை வேறு, அது நெடுங்காலமாகத் தயாரிப்பில் இல்லை. மலிவாகக் கட்டுக்கட்டாகக் கிடைத்தால் பெரும்பாலும் மேலே சொன்ன பெயிண்ட் வேலையாகத்தான் இருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள் அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.ஐ.2144-ஐ வாங்கலாம், மிகச் சிறிய மேற்பரப்பு வகை என்பதால் சால்டர் செய்யக் கை நிதானம் வேண்டும், மற்றபடி அதை யார் தயாரித்தார்கள் என்ற ஐயம் இல்லை.

ரசீது இல்லையே, இனி என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறைகளில் ஒன்று. வாட்ஸ்அப் உரையாடலும் யு.பி.ஐ. பணப்பரிமாற்றமும் சான்றாகும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். பலன் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நான் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஆசிலாஸ்கோப் அளவுகள், கறுப்பு ஒட்டிய பஞ்சு ஆகியவற்றோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவதாகப் போன மாட்யூலை நானே ஆசிட்டோனில் போட்டு உரித்தேன், இப்போது ஒலிக்கிறது. கோரஸ் இன்னும் ஆடுகிறது. ஜூனோவிலிருந்து கழற்றிய அசல் என்று யாரேனும் ஒரு ஜோடி எம்.என்.3009-ஐ உங்களிடம் விற்க வந்தால், எந்தக் கருவியிலிருந்து யாருடைய சம்மதத்துடன் கழற்றியது என்று கேட்டு, தேதிக் குறியீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.