ஓகரின் எண்ணும் ஓகரின் நெஞ்சுரமும்: டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் ஒன்பதாம் அத்தியாயம்

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடாகிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு 2014 டிசம்பரில் வெளிவந்தது. 320 பக்கம் கொண்ட அந்நூலில் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டுமே. புதிய அரக்கர்களை உருவாக்குவோருக்காக எழுதப்பட்ட அந்தப் பகுதியை, அதே விளையாட்டுக்கு 1981-இல் வந்த பேசிக், எக்ஸ்பர்ட் விதிநூல்களின் அரக்கர்களை இன்றைய ஆட்டத்துக்குக் கொண்டுவரும் கருவியாகப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரையும் அந்த ஒரு பயனைப் பற்றியதே.

இதற்கெல்லாம் ஓர் அத்தியாயம் எதற்கு, கூட்டிக் கழித்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. ஓகர் என்னும் முரட்டு அரக்கனை எடுத்துக்கொள்வோம். பழைய நூலில் அதன் ஏசி, அதாவது கவச எண், 5. அக்காலத்தில் எண் குறையக் குறையக் கவசம் வலுத்தது என்பதால், அதை 19-இலிருந்து கழித்தால் இன்றைய முறையில் 14 கிடைக்கும். நான்கு எண்முகப் பகடைகளோடு ஒன்றைக் கூட்டி அதன் ஹிட் பாயின்ட்டை, அதாவது சாய்வதற்கு முன் தாங்கும் சேத அளவை, தீர்மானித்தார்கள், சராசரி 19. ஐந்தாம் பதிப்புக்கு 2014-இல் வந்த அரக்கர் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவலில் அதே ஓகருக்கு ஏசி 11, ஹிட் பாயின்ட் 59. கூட்டிக் கழித்துப் பெற்ற ஓகர் அடிப்பதற்குக் கடினமாகவும், அடி விழுந்தால் ஓரிரண்டிலேயே சாய்வதாகவும் இருக்கும். அச்சிட்ட ஓகரோ எளிதில் அடிபட்டு, நெடுநேரம் நின்று சண்டையிடும். எதிரே நிற்கும் வீரர்களின் எண்கள் மாறிவிட்ட பிறகு, அரக்கனின் எண்ணை மட்டும் மொழிபெயர்ப்பதில் பொருளில்லை.

இந்த இடத்தில்தான் ஒன்பதாம் அத்தியாயத்தின் அட்டவணை கைகொடுக்கிறது. சேலஞ்ச் ரேட்டிங் என்பது அரக்கன் எவ்வளவு கடினமானவன் என்று காட்டும் எண்; ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் உரிய ஏசி, ஹிட் பாயின்ட், தாக்குதல் போனஸ், ஒரு சுற்றில் விளையும் சேதம் ஆகியவை அதில் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. தற்காப்புக்கு ஓர் எண்ணும் தாக்குதலுக்கு ஓர் எண்ணும் கண்டு சராசரி எடுக்க வேண்டும். இருபது படிகள் கொண்ட முழுமுறையோடு, அவசரத்துக்கு உதவும் குறுக்குவழியும் உண்டு. நான் பெரும்பாலும் குறுக்குவழிக்காரன்.

அட்டவணையை நம்பலாமா என்று அறிய, அச்சிட்ட அரக்கர்களையே அதில் இட்டுப் பார்த்தேன். ட்ரோல் என்னும் அரக்கனுக்கு ஹிட் பாயின்ட் 84. சுற்றுக்கு 10 புள்ளி தானே ஆறிக்கொள்வதால், அதை மூன்றால் பெருக்கிச் சேர்க்கச் சொல்கிறது நூல், ஆக 114. அதற்குரிய ரேட்டிங் 3, ஏசி அந்த வரிசையில் உள்ளதைவிடக் கூடுதலாக 15 என்பதால் ஒரு படி ஏறி 4. கடியும் இரண்டு நகக்கீறலும் சேர்ந்து 29 சேதம். அதற்கு 4, தாக்குதல் போனஸ் +7 என்பதால் 5. சராசரி நாலரை, முழுமையாக்கினால் 5. மான்ஸ்டர் மேனுவலிலும் 5 என்றே இருக்கிறது. மகிழ்ச்சியோடு ஓகரை இட்டேன். தற்காப்பு ரேட்டிங் 1/4-க்கு இறங்கிவிட்டது, தாக்குதல் 2, சராசரி ஏறத்தாழ 1; நூலில் அச்சாகியிருப்பதோ 2. தன் வீட்டு அரக்கனையே சரியாக எடைபோடாத தராசு என்று இதை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அது காட்டும் எண்ணில் ஒரு படி முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் அதைக் கையாள வேண்டும்.

அரக்கர்களின் சிறப்புத் திறன்களுக்கு விலை குறித்துவைத்த பட்டியல்தான் இந்த அத்தியாயத்தின் மிகச் சிறந்த பகுதி என்பேன். மந்திர எதிர்ப்பு இருந்தால் ஏசி இரண்டு கூடியதாகக் கொள்ளவும், கூட்டமாய்த் தாக்கும் திறன் இருந்தால் தாக்குதல் போனஸில் ஒன்று கூட்டவும் அது சொல்கிறது. ஆனால் தொட்டதும் உடலை முடக்கும் திறனுக்கு அதில் தனி விலை இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய விதியில் பிணந்தின்னிக்குச் சுற்றுக்கு மூன்று தாக்குதல். ஒவ்வொன்றும் மூன்று புள்ளிக்கு மேல் சேதம் செய்யாது, ஆனால் ஒவ்வொன்றும் முடக்கும். அந்த மூன்றையும் விட்டுவிட மனமில்லாமல் அப்படியே ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டுவந்தேன். சுற்றுக்குச் சராசரி ஆறு சேதம் என்பதால் அட்டவணை அதை அரை ரேட்டிங் என்று மதிப்பிட்டது. நான்கு பிணந்தின்னிகளை இரண்டாம் நிலை வீரர்கள் நால்வர் முன் நிறுத்தினேன். மூன்றாம் சுற்றுக்குள் மூவர் மரமாய் நின்றார்கள். முடங்கியவரை அருகிலிருந்து தாக்கினால் படும் அடியெல்லாம் கிரிட்டிக்கல், அதாவது சேதப் பகடைகள் இரட்டிக்கும் அடி, என்பது ஐந்தாம் பதிப்பின் விதி. அது எனக்கு நினைவுக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது மனத்திடம் பற்றியது. 1981 விதியில் ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு மொரால் எண் உண்டு. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் அது பின்வாங்கும். காப்ளின் என்னும் குட்டி அரக்கனுக்கு 7, ஓகருக்கு 10. அதாவது காப்ளின் ஓடிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 42, ஓகருக்கு 8 மட்டுமே. ஒன்பதாம் அத்தியாயம் இதற்கு மாற்றாக ஒரு விருப்ப விதியைத் தருகிறது: விஸ்டம் சேவிங் த்ரோ, அதாவது விஸ்டம் என்னும் விவேக எண்ணுக்கேற்பக் கூட்டியோ கழித்தோ இருபதுமுகப் பகடையை உருட்டும் சோதனை, இலக்கு 10; எட்டாவிட்டால் ஓட்டம். காப்ளினின் விஸ்டம் 8, ஓகரின் விஸ்டம் 7. கணக்கிட்டுப் பார்த்தால் காப்ளின் ஓடும் வாய்ப்பு நூற்றுக்கு 50, ஓகர் ஓடும் வாய்ப்பு 55! அறிவு மந்தமானவன் கோழையாகவும் இருப்பான் என்று இந்த விதி சொல்லாமல் சொல்கிறது. கதையில் ஓகர் அப்படிப்பட்டதா? முன்பின் யோசிக்காததால்தானே அது கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. அரக்கனின் வலிமையை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் அத்தியாயம், அதன் சுபாவத்தை ஒரே ஓர் இலக்கு எண்ணில் அடைத்துவிட்டது.

வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024-இல் வந்த புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இந்த அட்டவணையும் இருபது படிகளும் இல்லை; ஆகவே அரக்கர் மாற்றத்துக்காக வாங்குவதென்றால் 2014-ஆம் ஆண்டுப் பிரதியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அட்டை நைந்த பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய விதிநூல் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, ஹிட் பாயின்ட்டையும் சேதத்தையும் புதிய அட்டவணையிலிருந்தும், மொரால் எண்ணை மட்டும் பழைய நூலிலிருந்து மாற்றாமலும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். சென்ற ஆட்டத்தில் ஐந்து காப்ளின்கள் ஓடிப்போன பிறகும் ஓர் ஓகர் வாசலை அடைத்துக்கொண்டு தனியாக நின்றது. இரண்டு பகடைகளும் சேர்ந்து ஒன்பதே காட்டின.