14 வருடம் ஓடிய ரேஷன் புத்தகம்: ஒரு தாமதமான விமர்சனம்

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனின் ரேஷன் முறையை ஒரு சேவையாக மட்டும் எடுத்துக்கொண்டு மார்க் போட்டால், குண்டு விழுந்த வருடங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். போர் முடிந்து வந்த ஒன்பது வருடங்களுக்குக் கொடுக்கக் கை வராது. இத்தனைக்கும் மாறாத புத்தகம், மாறாத கடை, மாறாத வரிசை.

1940 ஜனவரி 8 அன்று பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி), வெண்ணெய், சர்க்கரை என்று மூன்று பொருளோடு தொடங்கினார்கள். நடைமுறை நம் ரேஷன் கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். மளிகைக்கு ஒரு கடை, இறைச்சிக்கு ஒரு கடை என்று பதிந்துகொள்ள வேண்டும். எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கான சரக்குதான் கடைக்காரருக்கு வரும். அதனால், கையில் கூப்பன் இருந்தும் சரக்கு இல்லை என்று திரும்புவது அபூர்வம். இந்த முறையின் முதுகெலும்பே இதுதான். கஷ்டமும் இதிலிருந்தே வந்தது: கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், நினைத்தவுடன் வேறு கடைக்கு மாற முடியாது. கணக்கில் வராத சரக்கைக் கவுண்டருக்கு அடியில் வைத்து வேண்டியவர்களுக்கு மட்டும் நீட்டும் வழக்கமும் இப்படித்தான் வளர்ந்தது.

அளவு அடிக்கடி மாறியது. போரின் நடுவில், பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குத் தோராயமாக பேக்கன் 4 அவுன்ஸ், சர்க்கரை 8, மார்கரின் 4, வெண்ணெய் 2, சீஸ் 2, கிடைத்தால் ஒரு முட்டை. தேயிலை 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். ஒரு நாளைக்கு 8 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்று கப் தேறும். நாலாவது கப்புக்குப் பழைய தூளிலேயே மறுபடி வெந்நீர்.

இறைச்சியை எடைக்குப் பதில் விலையால் அளந்தது நல்ல யோசனை. ஆளுக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸ் என்றால், நல்ல துண்டு கொஞ்சமாக வாங்குவதா, மலிவான கழுத்துக்கறி கூடுதலாக வாங்குவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம். 1941 டிசம்பரில் வந்த புள்ளிமுறை இன்னும் மேல். டின் மீன், டின் கறி போன்றவற்றுக்கு நாலு வாரத்துக்கு 16 புள்ளிகள், பிறகு 20. இதை மட்டும் எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். ஒரு சரக்கு தேங்கினால் அதற்கான புள்ளியைக் குறைப்பார்கள், பறந்தால் ஏற்றுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சைப் புத்தகம்: தினம் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பால், இரண்டு பங்கு முட்டை, பழத்தில் முதல் உரிமை.

நிஜ முட்டைக்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து முட்டைத்தூள் வந்தது. ஒரு பாக்கெட் 12 முட்டைக்குச் சமம். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டித் தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர், அது ஒரு முட்டை. கொஞ்சம் தண்ணீரில் முதலில் பசை மாதிரி குழைத்துவிட்டு மீதியை ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கைதாராளத்தில் கரண்டியைக் குவித்துப் போட்டால் ஆம்லெட் ரப்பராகிவிடும். கேக்கில் கலந்துவிட்டால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தனியாகச் சாப்பிட்டால் நிச்சயம் தெரியும்.

தனி ஆளாக இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஐந்து பேர் குடும்பத்தில் சீஸ் 10 அவுன்ஸாகச் சேரும், ஒரு சமையலுக்காவது ஆகும். ஒற்றை ஆளின் 2 அவுன்ஸ் இரண்டு வாய்க்குக் காணாது. உணவகங்களில் கூப்பனே கேட்கவில்லை என்பது இன்னொரு ஓட்டை. பணக்காரர்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டார்கள். 1942-ல் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங் என்று உச்சவரம்பு வைத்து ஓரளவு அடைத்தார்கள்.

இவ்வளவையும் மக்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், புத்தகத்தில் இல்லாத இரண்டு பொருள்கள். ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போர் முடியும்வரை ரேஷனே கிடையாது. தவிடு அதிகம் கலந்த அந்தச் சாம்பல் நிற 'நேஷனல்' ரொட்டியைத் திட்டாத ஆள் இல்லை. ஆனாலும் வயிறு நிறையத் தின்னலாம். (இதே அரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் 1943-ல் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். கல்கத்தாவுக்கு முறையான ரேஷன் வந்தது 1944-ல். லண்டனுக்குப் போடும் மார்க்கை இதை மறந்துவிட்டுப் போட முடியாது.)

1946 ஜூலையில் அந்த ரொட்டியிலேயே கை வைத்தார்கள். உலகமெங்கும் கோதுமைத் தட்டுப்பாடு, ஜெர்மனியில் தங்கள் வசமிருந்த பகுதிக்கும் சோறு போட வேண்டிய பொறுப்பு, அமெரிக்காவின் போர்க்கால உதவி நின்றுபோனதால் டாலர் பஞ்சம்: காரணங்கள் எல்லாம் நிஜம்தான். சாதாரணப் பெரியவர் ஒருவருக்கு வாரம் 9 ரொட்டி யூனிட். பெரிய ரொட்டிக்கு 4, சின்னதற்கு 2. பெரிய ரொட்டி இரண்டு வாங்கினால் ஒரு யூனிட் மிஞ்சும், அதை வைத்துச் சின்ன ரொட்டிகூட வாங்க முடியாது. ஜெயித்த நாட்டில் ரொட்டிக்குக் கூப்பனா என்ற கோபம் 1948-ல் அதை எடுத்த பிறகும் அடங்கவில்லை. இதற்கு நடுவே 1947 குளிரில் கிழங்கு உறைந்து அழுகி, அதற்கும் கட்டுப்பாடு வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஸ்னூக்' என்ற டின் மீனைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். விலையைக் குறைத்தும் சீந்துவாரில்லை.

மிட்டாய் விஷயத்தில் நடந்தது இதைவிட மோசம். 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கடைகள் காலியாகி, ஆகஸ்டில் மறுபடி கூப்பன். பிள்ளைகளுக்கு விடுதலை கிடைத்தது 1953 பிப்ரவரியில்தான். கடைசியாக விடுபட்டது இறைச்சி, 1954 ஜூலை 4. தோற்றுப்போன மேற்கு ஜெர்மனியில் ரேஷன் அட்டை 1950-லேயே முடிந்துவிட்டது.