புதுச்சேரிக் கடலோரத்தில் 200 லிட்டர் ஹீட் பம்ப்: வாங்கலாமா?

வெளிக்காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்தான் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர். கடையில் கேட்டால் முதலில் சிஓபி எண்ணைத்தான் சொல்வார்கள். 4 என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு நாலு யூனிட் சூடு. ஊட்டியில் வாங்குபவர் அதைத் துருவிக் கேட்கலாம். வெளிக்காற்று 5 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் சூட்டை உறிஞ்சும் காயிலில் பனி படியும், அதை உருக்க மெஷின் அவ்வப்போது சூடாக்குவதை நிறுத்தும், அந்த எண்ணும் சரியும். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் புதுச்சேரியில் உருப்படியான எந்த மெஷினும் 3.5-ஐத் தொட்டுவிடும். இங்கே மெஷினைக் கொல்வது உப்பு.

காயிலில் செம்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள், அதாவது ஃபின். உப்பு ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே சின்ன பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். காற்றுப் பாதை அடைபட, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். நீல ஃபின்னைக் காட்டி 'துருவே பிடிக்காது' என்பார்கள். அது முக்கியமாகத் தண்ணீர் வழிந்தோட உதவும் மெல்லிய பூச்சு, உப்பைக் கொஞ்சம்தான் தாங்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி அலையை ஒட்டிய இடங்களுக்குக் காயில் முழுவதும் எபாக்சி பூசியது வேண்டும். உப்புநீரைத் தெளித்துப் பார்க்கும் சால்ட் ஸ்ப்ரே டெஸ்டில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை. வாரண்டி அட்டையில் துருவை விலக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை எம்.சி.பி. ஸ்விட்சை அணைத்து, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

டேங்கும் அப்படித்தான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் வெல்டிங் ஓரத்தில் பொத்தல் விழும். எனாமல் பூசிய டேங்கும், அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு டேங்கைக் காக்கும் மெக்னீசியம் ராடும் நமக்குச் சரி. முதல் ராடை ஆறே மாதத்தில் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் மாற்றும் நேரம்.

200 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற கீசருக்கு 6.3 யூனிட், இதற்கு சுமார் 1.8. பச்சைத் தண்ணீர் கலந்தால் 20 லிட்டர் வாளியில் 18 வாளி வரை வரும். ஆனால் முழு டேங்க் சூடேற நாலு மணி நேரம் பிடிக்கும், அவசரத்துக்கு ஆகாது. நாலைந்து அறை வாடகைக்கு விடும் விடுதிக்கு இது லாபம். கார்த்திகை, மார்கழியில் மட்டும் வெந்நீர் தேடும் நாலு பேர் குடும்பத்துக்குச் சாதாரண கீசரே போதும், விற்பவர் என்ன சொன்னாலும்.

தண்ணீரோடு எடை கிட்டத்தட்ட 300 கிலோ. மொட்டை மாடியில் வைத்தால் பீம் மேலே வைத்து ஆங்கர் போல்ட் போடுங்கள். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. அதைவிட வீட்டின் பின்பக்கம், இரண்டு பக்கம் திறந்த தரைத்தளத் தாழ்வாரமே நல்லது. மூடிய அறை மட்டும் வேண்டாம், விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். குளியலறையும் பக்கத்தில் இருக்கட்டும்: முக்கால் இஞ்சு பைப்பில் 10 மீட்டருக்கு சுமார் 2.5 லிட்டர் ஆறிய தண்ணீர் ஒவ்வொரு முறையும் வீணாகும்.

பொருத்தியதும் எலக்ட்ரீஷியனை கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 2 ஆம்பியரை ஒட்டி இருந்தால் கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது. 10-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் 2 கிலோவாட் ஹீட்டர் ராடும் சேர்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். அந்த ராடை ஆட்டோவில் விடாமல் அணைத்துவிடுங்கள். கம்ப்ரசர் பழுதானால் போட்டுக்கொள்ளலாம்.